பதினான்கு பேர் சரிபார்த்த ஒரு வாக்கியம்: திருத்தங்கலில் நான்கு வாரம்

எங்கள் ஈப்போவில் எந்த மளிகைக்கடைக்குப் போனாலும் கல்லாவுக்குப் பின்னால் ஒரு தினக் காலண்டர் தொங்கும். அதன் அடியில் பொடி எழுத்தில் சிவகாசி என்று போட்டிருக்கும். அந்தப் பக்கம் போய் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பேன் என்று யாராவது ஜோசியம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கடந்த ஜூலையில் நான் வேலை பார்க்கும் மொழி மையத்தில் ஒரு ஒப்பந்தம் முடிந்தது, அடுத்தது தொடங்க ஆறு வாரம் இருந்தது. காலண்டர் வரவழைத்து விற்கும் தோழி ஒருத்தி, "திருத்தங்கலில் எனக்குத் தெரிந்த அச்சகத்தில் பெண்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க ஆள் தேடுகிறார்கள். சம்பளம் கிடையாது, தங்கவும் சாப்பிடவும் பார்த்துக்கொள்வார்கள்" என்றாள். பதினைந்து வருடம் வகுப்பறையில் நின்றவள் நான், நான்கு வாரம் ஒரு பெரிய விஷயமா என்று பெட்டியைக் கட்டிவிட்டேன். இதே மாதிரி போக நினைப்பவர்கள் அடிக்கடி விசாரிப்பதால் விவரமாக எழுதுகிறேன்.

கோலாலம்பூரில் இருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது, நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இருபது கிலோ பெட்டியோடு ஒரு வழிக்கு 420 ரிங்கிட் கொடுத்தேன். திருச்சியில் ஒரு இரவு தங்கி, காலை ரயிலில் விருதுநகர். ஏறக்குறைய மூன்றரை மணி நேரம், முன்பதிவு இருக்கைக்கு 115 ரூபாய். விருதுநகரில் இறங்கியதும் எண்ணெயில் பொரித்தெடுக்கும் பரோட்டாவைச் சாப்பிடாமல் போகாதீர்கள். நம் ஊர் ரொட்டி சானாய்க்கு இது தூரத்துச் சொந்தம்கூட இல்லை. ஒன்றைச் சாப்பிட்டால் மத்தியானம் ஓடிவிடும். நான் மூன்று சாப்பிட்டேன், அன்று முழுக்க அவதிப்பட்டேன்.

அங்கிருந்து சிவகாசி பஸ். ஆமத்தூர் வழியாகப் போகிறது. முக்கியமான விஷயம், திருத்தங்கல் சிவகாசிக்கு முன்னாலேயே வந்துவிடும். சிவகாசி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வராதீர்கள். சுமார் இருபத்திரண்டு கிலோமீட்டர், நாற்பத்தைந்து நிமிடம், 25 ரூபாய் டிக்கெட். "எங்கன இறங்கணும்?" என்று கண்டக்டர் கேட்டார். "திருத்தங்கல், அச்சகத்துக்கிட்ட இறக்கிவிடுங்க" என்றேன். அவர் பஸ் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். "இங்கன தடுக்கி விழுந்தா அச்சாபீசுதான்மா. எந்த அச்சாபீசுன்னு சொல்லுங்க." பேரைச் சொன்னதும் வாசலிலேயே இறக்கிவிட்டார்.

அச்சகத்தின் முதலாளியை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடுகிறது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. "வாங்க, வாங்க. பிரயாணமெல்லாம் சவுரியமா இருந்துச்சா? சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் சாப்பாடு வரவழைத்துவிட்டார். பரோட்டா இறங்காத வயிற்றோடு அதையும் சாப்பிட்டேன்.

விஷயத்தை அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். இத்தனை வருடமும் அவர்கள் அச்சடித்தது பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர், உள்ளூர் நோட்டுப் புத்தகம். இப்போது கென்யாவில் இருந்து பள்ளிக்கூட நோட்டுக்கு ஒருவர் விசாரித்திருக்கிறார். நான்காவது வாரம் நேரில் வருகிறார். அந்த ஆர்டர் கிடைத்தால் வெளிநாட்டுப் போனையும் மெயிலையும் பார்க்க ஒரு ஆள் வேண்டும். ஜன்னல் ஓரம் மேஜையும் நாற்காலியும் ஏற்கெனவே போட்டாயிற்று. "மதுரையில படிச்ச ஆளு நெறைய கெடைப்பாக. ஆனா அவுகளுக்குத் தொழில் தெரியாது. தொழில் தெரிஞ்ச நம்ம பிள்ளையே ரெண்டு வார்த்தை தைரியமா பேசிட்டா மாசச் சம்பளத்துல அந்தச் சீட்டு அதுக்குத்தான். பார்ட்டி வர்ற வரைக்கும் பாப்பேன். ஒண்ணும் தேறலேன்னா மதுரைதான்" என்றார்.

வகுப்பு மாலை ஐந்தரைக்கு, பைண்டிங் பகுதியில், பேப்பர் கட்டுகளுக்கு நடுவே. பதினான்கு பெண்கள். பகல் முழுக்க நின்று வேலை பார்த்த களைப்பு, கண்ணெல்லாம் வாசலில் இருக்கும் கம்பெனி வேன் மேல். இரண்டு பேரை மட்டும் இங்கே சொன்னால் போதும். ஒருத்தி ஜமீலா. பில் போடும் பெண், வடக்கே இருந்து வரும் வியாபாரிகளிடம் இந்தியில் பேசி ஆர்டர் வாங்குபவள், வாய்க்குப் பூட்டே கிடையாது. இன்னொருத்தி முத்துமாரி. முப்பது வயது. அச்சடித்த தாளைக் கடைசியாகப் பார்த்து அனுப்பும் வேலை. அதிகம் பேசமாட்டாள்.

முதல் நாளே ஜமீலா ஆரம்பித்தாள். "டீச்சர், கோவிச்சுக்கிடாதீக. எங்களுக்கு எதுக்கு இங்கிலீசு? லோடு போறது பூரா பீகாருக்கும் உ.பி.க்கும். அங்கன எவன் இங்கிலீசு பேசுதான்? இந்தி சொல்லிக்குடுங்க, நாளைக்கே பேசுதோம்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இந்தி தெரியாது, தெரிந்தாலும் அன்றைக்கு ஒப்புக்கொண்டிருக்கமாட்டேன். "பரவாயில்லை, ஆங்கிலத்தில் ஆரம்பிப்போம். இன்றைக்கு உங்கள் நாள் எப்படிப் போனது? ஒரு வாக்கியம் சொல்லுங்கள்" என்றேன். தலைகள் குனிந்தன. ஒருத்தி துண்டுச் சீட்டில் எதையோ எழுதிப் பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளினாள். அவள் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் தள்ளினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடல் தாண்டி வந்து நிற்கிறேன், இவர்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி சீட்டுக் கடத்துகிறார்கள்.

முதல் வாரம் முழுக்க இதே கதை. நான் கேள்வி கேட்பேன், சீட்டு ஓடும், வேன் ஹாரன் அடிக்கும், எல்லோரும் எழுந்து போவார்கள். முன்னதாகவே ஊருக்குத் திரும்ப டிக்கெட்டை மாற்ற முடியுமா என்றுகூடப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பொறுமை போய், ஓடிக்கொண்டிருந்த சீட்டை நடுவில் பிடுங்கினேன். 'மை டே இஸ் குட்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதன் கீழே குட்டிக் குட்டியாகப் பதின்மூன்று கையெழுத்து. பதினான்காவதை முத்துமாரி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் நான் பிடுங்கியிருக்கிறேன்.

"இது என்னம்மா?" என்றேன்.

"ப்ரூஃப், டீச்சர்" என்றாள் முத்துமாரி, இதுகூடத் தெரியாதா என்ற குரலில். "பதினாலு பேரும் பாத்து ஓகே போட்டாத்தான சொல்ல முடியும்?"

பிறகு அவள் விளக்கினாள். சில வருடத்துக்கு முன்னால் ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டி லேபிளில் சிவப்பு வர வேண்டிய இடத்தில் பச்சை வந்து, யாரும் கவனிக்காமல் முழு ஆர்டரும் அச்சாகிவிட்டது. சீசன் நேரம். அத்தனையும் கிழித்துப் போட்டு மறுபடி அடித்தார்கள். யார் பார்த்து விட்டது, யார் பார்க்காமல் விட்டது என்று பெரிய சண்டை. அன்றிலிருந்து ஒரு தாள் மெஷினுக்குப் போக வேண்டுமென்றால் பகுதியில் இருக்கும் எல்லோரும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். "ஒருத்தி சொன்னா தப்பு அவ தலையில. பதினாலு பேரு பாத்துட்டா யாரு தலையிலயும் இல்ல" என்றாள். சொல்லிவிட்டு என் கையில் இருந்த சீட்டை வாங்கி, விட்ட இடத்தில் கையெழுத்தை முடித்தாள்.

எனக்கு உட்கார்ந்து சிரிக்க வேண்டும் போல இருந்தது. சோம்பேறிகள் என்று ஒரு வாரம் மனதுக்குள் திட்டிய பெண்கள், நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தயாரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். பதினான்காவது கையெழுத்து விழுவதற்குள் நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். ஆனால் சிரிப்பு அடங்கியதும் கவலை வந்தது. கென்யாக்காரர் போனில் பேசும்போது அவரைப் பிடித்து வைத்துக்கொண்டு சீட்டு ஓட்ட முடியாதே.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. சிவகாசிக்குப் போய் வந்தேன். டவுன் பஸ்ஸில் காசை நீட்டினால் கண்டக்டர் வாங்கவில்லை, "பொம்பளையாளுக்குக் காசு கெடையாதும்மா" என்றார். "நான் மலேசியாவில் இருந்து வந்திருக்கிறேன்" என்றேன். "எங்கிட்டு இருந்து வந்தாலும் பொம்பளையாளுதான" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். வழியில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும் பட்டாசு அறைகள் தெரியும். உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று யாரிடமும் கேட்காதீர்கள், விடமாட்டார்கள், விடவும் கூடாது.

வழி கிடைத்தது திங்கட்கிழமை, மெஷின் அறையில். புது லேபிள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மெஷினில் இருந்து தாள் தாளாக வந்து விழுகிறது, மெஷின்மேன் பார்த்துப் பார்த்து ஓரமாக எறிகிறார். எல்லாமே பூப்பூவாக அச்சான நல்ல தாள்கள். "ஏன் வீணாக்குகிறீர்கள்?" என்று கேட்டேன். "கலர் உக்காரணும்ல டீச்சர். மொத எரநூறு தாளு வேஸ்ட்டுத்தான். அண்ணாச்சியே அதக் கணக்குல விட்ருவாக" என்றார். நான் அந்தக் குவியலில் இருந்து ஒரு கட்டை அள்ளிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை பதினான்கு பேருக்கும் ஆளுக்குப் பத்து வேஸ்ட் தாள் கொடுத்தேன். "இனிமேல் சீட்டு கிடையாது. வாயால் பேச வேண்டும். தப்பாகப் பேசினால் ஒரு தாளை என்னிடம் கொடுத்துவிடுங்கள். கலர் உட்காரும் வரைக்கும் தப்பு வரத்தான் செய்யும், அண்ணாச்சி கணக்கில் விட்ட மாதிரி நானும் விட்டுவிடுகிறேன். ஆனால் கையில் இருக்கும் பத்தையும் தீர்த்தவர்களுக்குத்தான் வடை" என்றேன். ஆளாளுக்குத் தாளை எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஜமீலா எழுந்து, "ஐ பில் போடிங். ஐ பஸ் கோயிங் ஹை. ஐ வெரி ஹங்கிரி வடை" என்று மூச்சு விடாமல் சொல்லி மூன்று தாளை என் மேஜையில் அடித்தாள். கூடம் அதிர்ந்தது. வேன் டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர்களைப் பிடித்து நிறுத்தத்தான் முடியவில்லை. தப்பு செய்வதில் போட்டி. இரண்டாவது வாரக் கடைசியில் வேண்டுமென்றே தப்பாகப் பேசுகிறார்கள் என்று கண்டுபிடித்தேன். வேண்டுமென்று தப்பாகப் பேச வேண்டுமென்றால் சரி எது என்று தெரிந்திருக்க வேண்டும், அதனால் நான் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது வாரம் ஆடிப்பெருக்கு வந்தது. அன்றைக்குத்தான் அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்களுக்குப் பூஜை போட்டு வெளியிடுகிறார்கள். சாமி படத்துக்கு முன்னால் நின்று ஆளாளுக்கு எனக்கு ஆங்கிலத்தில் ஆல்பத்தை விற்றார்கள். ஈப்போவுக்கு ஒரு லட்சம் காலண்டர் ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் தப்பித்தேன், வாயளவில்.

முத்துமாரி மட்டும் பேசவில்லை. அவளுடைய பத்துத் தாளும் மடிப்புக் கலையாமல் இருந்தன. பகுதியின் கடைசிக் கையெழுத்து அவளுடையது. அவள் பார்த்து விட்டதில் இதுவரை ஒன்றும் திரும்பி வந்ததில்லை. அந்தப் பேரைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்த நாற்காலி யாருக்கும் இல்லாத அளவுக்கு அவளுக்குத்தான் வேண்டியிருந்தது. டீ நேரத்தில் ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "எட்டு வருசமா நின்னே பாக்குறேன் டீச்சர். சாயங்காலமானா காலு வீங்கிருது. டாக்டரு நிக்காதீகன்னு சொல்றாக. நிக்காம இங்கன வேற என்ன வேல இருக்கு? அந்த ஜன்னலோரச் சீட்டு ஒண்ணுதான்." ஜமீலாவுக்கு பில் வேலையே போதும், மற்றவர்களுக்கு அவ்வளவு நோட்டு விவரம் தெரியாது. ஒன்று முத்துமாரி, இல்லையென்றால் மதுரை. கென்யாக்காரர் வருவதற்கு முதல் நாள் மாலைகூட அவள் வாயைத் திறக்கவில்லை.

அவர் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தார். உயரமானவர், நிதானமானவர், எல்லோரிடமும் கை குலுக்கினார். சென்னையில் இருந்து ஒரு ஏஜென்ட் அவரோடு வந்திருந்தார். பைண்டிங் கூடத்தில் நின்று மாதிரி நோட்டைப் புரட்டினார், தையலை இழுத்துப் பார்த்தார், பிடித்திருந்தது முகத்தில் தெரிந்தது. அடுத்து, சரக்கு செப்டம்பரில் தூத்துக்குடியில் கப்பல் ஏறுமா என்று கேட்டார். "யெஸ் சார், ஷ்யூர் சார்" என்றார் ஏஜென்ட். அண்ணாச்சியும் தலையை ஆட்டினார். இந்த ஊரில் பார்ட்டியிடம் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. முதலில் சரி என்பார்கள், பிறகு சமாளிப்பார்கள்.

"நோ" என்று ஒரு குரல் கேட்டது.

முத்துமாரி. கட்டிங் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏத்தா, பார்ட்டிகிட்ட போயி நோங்கலாமா?" என்று அண்ணாச்சி பல்லைக் கடித்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "செப்டம்பர் நோ சார். ஆகஸ்ட், செப்டம்பர் ஆல் மெஷின் க்ராக்கர் லேபிள். தீபாவளி. மெஷின் நோ ஃப்ரீ. வீ சே யெஸ், பட் புக் நோ கம்." மூச்சு வாங்கினாள். "அக்டோபர் ஒன் மெஷின் ஃப்ரீ. ஐ செக் ஆல். அக்டோபர் ட்வென்ட்டி, தூத்துக்குடி. ப்ராமிஸ்."

நான் எண்ணியிருந்தால் ஆறேழு தாளாவது போயிருக்கும். எண்ணவில்லை.

வந்தவர் ஏஜென்டைப் பார்க்கவில்லை, அண்ணாச்சியையும் பார்க்கவில்லை. முத்துமாரிக்கு நேராக வந்து நின்று, மெதுவாக, அவளுக்குப் புரியும்படி பேசினார். போன வருடம் வேறு ஊரில் ஒரு கம்பெனி, கேட்டதற்கெல்லாம் யெஸ் என்றதாம். பள்ளிக்கூடம் திறந்து வெகு நாள் கழித்துத்தான் நோட்டு வந்து சேர்ந்ததாம். ஜனவரியில் பள்ளி, அதற்குள் கிடைத்தால் போதும் என்றார். "அக்டோபர் ட்வென்ட்டி?" என்று மறுபடி கேட்டார்.

"ட்வென்ட்டி. நாட் ட்வென்ட்டி ஒன்" என்றாள் முத்துமாரி.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அண்ணாச்சியிடம் திரும்பி, என் போனை எடுக்கப்போவது யார், இவரா என்று கேட்டார். அண்ணாச்சிக்கு ஆங்கிலம் அரைகுறைதான். ஆனால் அந்தக் கேள்வியை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. முத்துமாரியைப் பார்த்தார், ஜன்னல் ஓரத்து மேஜையைப் பார்த்தார். "யெஸ் சார், ஷ்யூர் சார்" என்றார். பின்னால் ஜமீலா போட்ட விசில் தெருவுக்குக் கேட்டிருக்கும். அன்று மாலை வகுப்பு நடக்கவில்லை, பால்கோவாதான் நடந்தது. என் வேலையில் எத்தனையோ பேர் தேர்வில் தேறியிருக்கிறார்கள். இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். விசாவை முதலில் பாருங்கள். என்ன மாதிரி விசாவில் எத்தனை நாள், சம்பளம் வாங்காமல் கற்பிக்கலாம் என்ற விதியை விண்ணப்பிக்கும் முன் நீங்களே படித்துக்கொள்ளுங்கள், தோழி சொன்னாள் என்று போகாதீர்கள். ஜூலையில் வெயில் இருக்கும், பருத்தித் துணி எடுத்துப் போங்கள். தண்ணீர் விஷயத்தில் கறாராக இருங்கள், கேன் தண்ணீர் எங்கும் கிடைக்கும். விமானம் போக, உள்ளூரில் நான்கு வாரத்துக்கு எனக்கு ஆறாயிரம் ரூபாய்க்குள்தான் ஆனது, அதில் பாதி பால்கோவாவுக்கும் காராச்சேவுக்கும் போனது. நம் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள். "பசியாறியாச்சா?" என்று நான் கேட்டதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிக் காட்டினார்கள். கோபப்படாதீர்கள்.

கற்பிக்கப் போகிறவர்கள் பாடப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு நாள் அவர்கள் வேலை செய்யும் இடத்தில் சும்மா நின்று பாருங்கள். மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்று நானும் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். பைண்டிங் கூடத்தில் முதல் வாரமே நின்று பார்த்திருந்தால் அந்த வாரத்தை நான் கோபத்தில் கழித்திருக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை கிளம்பினேன். வாசலிலேயே விருதுநகர் பஸ் நிற்கும், அதைப் பிடித்தால்தான் மத்தியான ரயில். பெட்டியோடு முத்துமாரியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். ஜன்னல் ஓரத்தில், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, போனில் பேசிக்கொண்டிருந்தாள். கென்யாவில் இருந்து. அட்டை கனமாக வேண்டும் என்று அவர் கேட்கிறார் போல, "கேன் சார், பட் ரேட் லிட்டில் அப்" என்று இவள் பேரம் பேசுகிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருப்பாள் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. ஒரு விரலை உயர்த்தி, "ஒன் மினிட் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். ஜன்னல் வழியாக என் பஸ் கிளம்பிப் போவது தெரிந்தது. யார் என்னைக் காக்கவைத்தாலும் எனக்குக் கோபம் வரும், வீட்டில் கேட்டால் சொல்வார்கள். அன்றைக்குப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவள் பேசி முடிக்கும் வரைக்கும் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன்.